பவுடர் டப்பாத் தகடு

பேனாப் பெட்டியைத் திறந்து சிங்காரவேலுக்கு நேராக மேசையில் வைத்தேன். அலுவலகத்தில் வரைபடப் பேனாக்கள் போட்டு வைத்திருந்த பெட்டி அது. உள்ளே கறுப்பு வெல்வெட், ஏழு பள்ளங்கள். பேனாக்களை வெளியே எடுத்துவிட்டு, ஏழிலும் மரம் குடையும் ஏழு பிட்டுகளைப் படுக்க வைத்திருந்தேன்.

சென்னையிலிருந்து பார்சல் வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயின் வாசனை அறையில் நின்றது. சிங்காரவேல் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார்.

"என்னா சார், நண்டுக்கால் கணக்கா இருக்கு. இதுக்கா ஒரு மாசம் காத்துக்கிட்டிருந்தீங்க?"

"வெட்டுறது அதுதான். மிஷின்ல மத்ததெல்லாம் அதத் தூக்கிட்டுப் போற பல்லக்கு."

"பல்லக்கு இம்மாம் பெருசு, சாமி இத்தினிக்கோண்டு" என்று சிரித்தார்.

அப்போது அவருக்கு இரண்டு கண்களும் இருந்தன.

ஒரு வாசகரின் கேள்வி

அந்த இயந்திரத்தை நான் கட்டிய கதையை மூன்று வாரங்களுக்கு முன் இந்தப் பக்கங்களில் எழுதினேன். கணினி சொல்கிறபடி முன்பின், இடவலம், மேல்கீழ் என மூன்று திசையிலும் நகர்ந்து மரத்தைக் குடையும், மேசை அளவேயான இயந்திரம். தச்சர்கள் கையில் பிடித்து ஓட்டும் ரூட்டர் மோட்டாரை அதன் மூக்கில் பொருத்தியிருந்தேன். காரைக்காலில் அரசுக் குடியிருப்பின் பின்னறையில், தனி ஆளாக இருந்தவனின் பொழுதுபோக்கு.

அதைப் படித்த திருவாரூர் வாசகர் ஒருவர், தாமும் ஒன்று கட்டி வருவதாகச் சொல்லி, முதலில் எந்தெந்த பிட் வாங்கலாம் என்று கேட்டு எழுதியிருக்கிறார். ஓர் அஞ்சலட்டையில் முடிகிற பதில்தான். நான்கு அட்டைகளைக் கிழித்துப் போட்டபின் இதை எழுதுகிறேன்.

அட்டையில் அடங்கும் பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நிறைய வாங்காதீர்கள். முப்பது பிட் கொண்ட மலிவுப் பெட்டியில் இருபத்தைந்தை நீங்கள் தொடவே மாட்டீர்கள். இரண்டு பல் உள்ள நேர் பிட் ஒன்று, மெல்லியது ஒன்று, எழுத்துக்குக் கூம்பு முனை ஒன்று. முறுக்குப் பல் பிட்டுகளில் தூளை மேலே தள்ளுவதும் உண்டு, கீழே அமுக்குவதும் உண்டு. மேலே தள்ளுவது பள்ளத்தைச் சுத்தமாக வைத்திருக்கும். ஆனால் பலகையின் மேல்முகத்தில் சிலும்பு விடும். பிளாஸ்டிக்குக்கு ஒற்றைப் பல் போதும்.

இவை எல்லாம் பிட்டின் கீழ் முனையைப் பற்றியவை. தொடங்குகிறவன் அதைத்தான் பார்ப்பான். மேல் முனையில் வழவழப்பாக ஒரு தண்டு இருக்கும். மோட்டார் பிடித்துக்கொள்வது அதை. அதைப் பற்றி திருவாரூர்க்காரர் கேட்கவில்லை. நானும் அந்நாளில் யாரிடமும் கேட்டதில்லை.

எவன் பேரோ

சிங்காரவேல் கிளிஞ்சல்மேட்டில் படகு இன்ஜின் மெக்கானிக். கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு, இடிந்த வீடுகளை அளப்பதற்காக எங்கள் அலுவலகத்திலிருந்து என்னை அங்கே அனுப்பினார்கள். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஒருவர் தானாக வந்தார். தொய்வில்லாமல் பிடித்தார். என் அனுபவத்தில் அப்படிப் பிடிக்கிறவர்கள் குறைவு. நாள் முழுக்கக் கூட வந்தார். சாயங்காலம்தான், நாங்கள் மூன்றாவதாக அளந்த வெறும் அஸ்திவாரம் அவருடைய வீடு என்று தெரிந்தது.

அவர் வீட்டில் உயிர்ச்சேதம் இல்லை. அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

பிற்பாடு உதவியாக அவருக்கு ஒரு ஃபைபர் படகு கிடைத்தது. கொடுத்தவர்களின் பெயர் படகின் இரண்டு பக்கமும் முழ உயர எழுத்தில் இருந்தது. வருடங்கள் போயும் அது அவருக்குச் செரிக்கவில்லை.

"எவன் பேரோ எழுதுன போட்ல நான் கடலுக்குப் போறேன் சார். எம் பொண்டாட்டி பேர ஒரு பலகைல வெட்டிக் குடுங்க. அந்தப் பேருக்கு மேலயே வெச்சு அடிச்சுப்புடுறேன்."

மனைவியின் பெயர் மலர்க்கொடி. எங்கள் குடியிருப்புக்கு மீன் கொண்டு வருகிறவர் அவர்தான்.

"அவளுக்குத் தெரியக் கூடாது. போட்டத் தண்ணில எறக்குற அன்னிக்கு அவ பாக்கணும். பாத்துட்டு, உனக்கெல்லாம் இது ஒரு கேடான்னு கண்டபடி ஏசுவா. அந்த ஏச்சு எனக்கு வேணும் சார்."

மீன்பிடித் தடைக்காலம் முடியும் அன்று படகை இறக்குவதாக ஏற்பாடு. நல்ல வேங்கைப் பலகை ஒன்றை மரவாடியிலிருந்து அவரே தோளில் தூக்கி வந்தார். பார்சல் வந்தபோது தடை முடிய ஐந்து நாட்கள் இருந்தன.

0.35

என் மோட்டாரின் பிடிப்பான் கால் அங்குலத் தண்டுக்கு உரியது. அதாவது 6.35 மில்லிமீட்டர். வந்த ஏழு பிட்டுகளில் ஆறின் தண்டு அந்த அளவு. ஏழாவதன் தண்டு 6.00. எழுத்துகளை ஆழமாகக் குடைய எனக்கு வேண்டியிருந்தது அந்த ஏழாவதுதான். தூளை மேலே தள்ளும் முறுக்குப் பல்.

இங்கே பேனாக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். வரைவாளராக நான் அதிகம் பிடித்த பேனா 0.35. வீட்டுச் சுவர், மனை எல்லை எல்லாம் அந்தக் கனத்தில்தான் வரைவோம். ஒருமுறை இரண்டு பங்காளிகள் அலுவலகத்துக்கே வந்து, என் கோட்டின் மேல் பூதக்கண்ணாடியை வைத்து, வேலி கோட்டுக்கு இந்த ஓரமா அந்த ஓரமா என்று அடித்துக்கொண்டார்கள். நகலில் ஒரு கோட்டுக் கனம் பிசகினால் தரையில் ஒரு முழம் போய்விடும். 0.35 சின்ன அளவு என்று நினைக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை.

சரியான பிடிப்பானுக்குச் சென்னைக்குத் தொலைபேசியில் சொன்னேன். பத்து நாள் ஆகும் என்றார்கள்.

"இதுக்கா மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டீங்க?" என்றார் சிங்காரவேல். "போட்ல ஷாஃப்ட் தேஞ்சு லூசாப் போனா நாங்க என்னா கடலயா பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம்? பவுடர் டப்பாவ வெட்டி ஒரு சுத்து சுத்தி, இறுக்கிப்புட்டுப் போய்க்கிட்டே இருப்போம். கரை வர்ற வரைக்கும் தாங்கும்."

அலமாரியில் இருந்த என் பவுடர் டப்பாவை அவரே எடுத்தார். மீதிப் பவுடரை ஒரு காகிதத்தில் கொட்டி மடித்து, "கழுத்துக்குப் போட்டுக்குங்க" என்று என்னிடம் கொடுத்தார். கத்தரியால் டப்பாவை வெட்டினார். அறை முழுக்கத் தாழம்பூ வாசனை.

நான் தகட்டைத் திருகு அளவியில் வைத்து அளந்தேன்.

சனிக்கிழமைக் குறிப்பு

பள்ளி நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தை அப்படியே தருகிறேன்.

"பிட் எண் 7: தண்டு 6.00. பிடிப்பான் 6.35. பவுடர் டப்பாத் தகடு 0.17, இரு பக்கமும் சேர்த்து 0.34. குறைவு 0.01 மட்டுமே. படகு ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சில நூறு சுற்று. இந்த மோட்டார் இருபதாயிரத்துக்கு மேல். அந்த வேகத்தில் தகடு தாங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பிடிப்பான் வரும்வரை ஓட்டாமல் இருப்பதே சரி. சிங்காரவேலுக்கு அவசரம். கழிவுக் கட்டையில் மூன்று முறை ஓட்டியதில் பிசகில்லை. நாளை பலகை. பாதுகாப்புக் கண்ணாடி: 1."

எதையும் பிறகு சேர்க்கவில்லை. எதையும் அடிக்கவில்லை.

தூசி

ஞாயிறு காலை சிங்காரவேல் கருக்களாச்சேரியில் தன் சகலையின் விசைப்படகில் இன்ஜின் வேலை பார்த்துவிட்டு, மதியம் வந்தார். பலகையை இறுக்கிக் கட்டினோம். நான் பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். கடைப் பட்டியலில் ஒன்று என்று எழுதியிருந்தேன்; ஒன்று வாங்கியிருந்தேன். இயந்திரத்தை ஓட்டுகிறவன் ஒருவன்தானே.

முதல் எழுத்து அழகாக வந்தது. இரண்டாவதும் வந்தது. செந்நிறத் தூள் பள்ளத்திலிருந்து பொங்கி விழுந்தது. சிங்காரவேல் குனிந்து வாயால் ஊதினார்.

"ஊதாதீங்க, தள்ளி நில்லுங்க" என்றேன். ஒருமுறை சொன்னேன். அவர் தள்ளி நின்றார். மூன்றாவது எழுத்து முடிந்ததும் மறுபடி குனிந்தார். அவர் மனைவியின் பெயர் பாதி தெரிய ஆரம்பித்திருந்தது. நான் இரண்டாம் முறை சொல்லவில்லை.

சத்தம் மாறியது. சீராக இருந்த ரீங்காரம் கரகரத்தது. தூளை மேலே தள்ளும் பிட், தன்னைத்தானே கீழே இழுத்துக்கொள்ளும். பிடிப்பான் தளர்ந்தால் திருகாணிபோல மரத்துக்குள் இறங்கும். இது அன்று நான் அறியாதது அல்ல. என் கை பொத்தானுக்குப் போவதற்குள் இயந்திரம் பலகையைக் குறுக்கே ஒரு சாண் கிழித்துக்கொண்டு போனது. பென்சில் முனை ஒடிவதுபோல ஒரு சத்தம். அவ்வளவுதான்.

சிங்காரவேல் கத்தவில்லை. முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

"சார், கண்ணுல தூசி உழுந்துட்டுது" என்றார்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எப்படி ஆயிற்று என்று அங்கே கேட்டபோது நான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"போட்டு இன்ஜின்ல போல்ட்டு புடிச்சிக்கிட்டுதுங்க. உளி வெச்சு அடிச்சேன். தெறிச்சுட்டுது."

"எங்க?"

"கருக்களாச்சேரிலங்க. எங்க சகலை போட்டு."

அவர்கள் எழுதிக்கொண்டார்கள். பிறகு நடையில், துணியால் முகத்தைப் பொத்தியபடி என்னிடம் சொன்னார்: "குவார்ட்டர்ஸ்ல மிஷின் ஓட்டுனீங்கன்னு எழுதிட்டா உங்க வேலைக்குல்ல வம்பு. நான் தெனமும் உளியோட இருக்கறவன், என்னைய யாரு கேக்கப் போறா? நீங்க பேசாம இருங்க."

பேசாமல் இருந்தேன். அடுத்த வாரம் வெளியூரில் பெரிய ஆஸ்பத்திரியில் அந்தக் கண்ணை எடுத்தார்கள்.

கால் கிலோ சங்கரா

மலர்க்கொடி முன்பெல்லாம் என் வாசலில் கூடையை இறக்கும்போதே கேலியோடுதான் இறக்குவார். "ஒத்த ஆளுக்குக் கால் கிலோ. சார் ஸ்கேல எடுத்துக்கிட்டு வாங்க, சங்கராவ அளந்து தர்றேன்." பக்கத்து வீட்டார் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அது நடந்து இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார். கேலி இல்லை. செதிலை உரசிக்கொண்டே பேசினார்.

"அக்கா வூட்டு வாசல்ல மண்ண வாரித் தூத்திட்டு வந்துட்டேன் சார். கூடப் பொறந்தவதான். அதுக்காவ? அவ புருசன் தேஞ்சுபோன இன்ஜின வெச்சுக்கிட்டு இவர வேல வாங்குவாரு, ஒரு கண்ணாடி வாங்கி வெக்க வக்கில்ல அந்த ஆளுக்கு. நீங்க படிச்சவங்க, சொல்லுங்க, வேல செய்யற எடத்துல ஒரு கண்ணாடி இருக்கணுமா வேணாமா?"

"இருக்கணும்" என்றேன். பாத்திரத்தை நீட்டினேன். கழுவிய மீனை அதில் போட்டார்.

அக்காவும் தங்கையும் ஒரே நாளில் இரண்டு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர்களாம். ஒரே மீன் ஏலத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்கள், அதன் பிறகு ஆளுக்கொரு ஓரமாக நின்றார்கள். இதையும் மலர்க்கொடியே சொன்னார், வாரம் கொஞ்சமாக. ஒவ்வொரு வாரமும் நான் பாத்திரத்தை நீட்டினேன்.

சிங்காரவேலுக்கு ஒற்றைக் கண்ணில் தூரம் பிடிபடவில்லை. ஸ்பேனர் போல்ட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடும். படகு பலகை இல்லாமலேயே தண்ணீரில் இறங்கியது. எவர் பெயரோ அப்படியே இருந்தது. கீழவாஞ்சூரில் துறைமுகம் வந்தபோது, நிலக்கரி லாரிகளுக்குச் சீட்டுக் கொடுக்கும் வேலைக்குப் போனார். பார்க்கும்போதெல்லாம் இருந்த ஒரு கண்ணின் ஓரத்தில் கரி படிந்திருக்கும்.

அவரிடம் மூன்று முறை கேட்டேன், மலர்க்கொடியிடம் சொல்லிவிடலாமா என்று. நாட்குறிப்பில் மூன்று தேதிகளும் உள்ளன. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே பதில்.

"அவ கோவம் ஒரு எடத்துல போய் உக்காந்துடுச்சு. அதக் கெளப்பி உங்க மேலயும் எம்மேலயும் ஏவி உடணுமா? உடுங்க சார்."

விட்டேன். அவர் சொல்லக் கூடாது என்றார், அதனால் சொல்லவில்லை என்று எனக்கு நானே எழுதிக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது என்பதை இப்போதுதான் எழுதுகிறேன்.

கடைசி வரி

சில வருடங்கள் கழித்து ஒரு நாள் மலர்க்கொடி கூடையை இறக்கிவிட்டு வெகுநேரம் கத்தியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா மவளுக்குக் கல்யாணம். நேத்து தாம்பாளத்தோட வந்து நின்னா. மூஞ்சிக்கு நேரா கதவச் சாத்திட்டேன்." கொஞ்சம் கழித்து, "அந்தப் புள்ளைய நாந்தான் இடுப்புல வெச்சு வளத்தேன்" என்றார்.

நான் உள்ளே போய் அந்த வருடத்து நாட்குறிப்பை எடுத்து வந்தேன். படியில் உட்கார்ந்து, சனிக்கிழமைப் பக்கத்தையும் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தையும் படித்தேன். என் வாயால் அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, படிக்கத்தான் தெரிந்தது.

அவர் நடுவில் கத்தியை எடுத்து மீனை ஆயத் தொடங்கினார். முடியும்வரை நிறுத்தவில்லை.

"இது எப்ப எழுதுனது?"

"அன்னன்னிக்கு எழுதுனது."

"மொதல்ல படிச்சீங்களே, அது?"

"மொத நாளே."

"அது நடக்கறதுக்கு மொத நாளா?"

"ஆமாங்க."

"அந்தப் பக்கத்துல கடைசி வரிய இன்னொருக்காப் படிங்க."

"பாதுகாப்புக் கண்ணாடி: ஒன்று."

"ஒண்ணு யாருக்கு?"

"எனக்கு" என்றேன்.

அவர் கையைக் கழுவினார். விரல் விரலாகக் கழுவினார்.

"எங்கக்காகிட்ட ஒரு வார்த்த பேசாம இத்தினி வருசம் கெடந்தேன். நீங்க இந்த நோட்டுகிட்ட மட்டும் பேசிக்கிட்டிருந்திருக்கீங்க." குரல் உயரவில்லை. ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசவில்லை. "அந்தப் பலகைய என்னா செஞ்சீங்க?"

வைத்திருந்தேன். செய்தித்தாளில் சுற்றி, மேல் பரணில். எடுத்து வந்து கொடுத்தேன். அவர் தாளைப் பிரித்தார். 'மலர்' என்பதுவரை வெட்டியிருந்தது. அதற்குப் பிறகு குறுக்கே ஒரு சாண் கிழிசல். அதன் மேல் உள்ளங்கையை ஒருமுறை வைத்து எடுத்தார். கூடையில் குத்தாக நிறுத்தித் தூக்கிக்கொண்டு போனார். ஆய்ந்த மீனுக்குக் காசு வாங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து சிங்காரவேல் வந்தார். உள்ளே வரவில்லை. கேட்டைப் பிடித்தபடி நின்றார்.

"உங்கள நம்பித்தான சார் சொன்னேன், சொல்லாதீங்கன்னு."

சைக்கிளைத் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு வந்ததில்லை.

மலர்க்கொடி கல்யாணத்துக்குப் போனாராம். அக்கா வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லையாம். மண்டபத்தில் ஓரமாக நின்று, தாலி கட்டியதும் சாப்பிடாமல் திரும்பிவிட்டாராம். எங்கள் தெருவுக்குப் புதிதாக வரத் தொடங்கிய மீன்காரம்மா சொன்னார்.

மார்க்கெட்டில்

திருவாரூர் நண்பருக்கு ஐந்தாவது அட்டையை இன்று காலை அனுப்பிவிட்டேன். எந்த பிட் வாங்கினாலும் முதலில் தண்டை அளந்து பாருங்கள். பொருந்தாவிட்டால் பெட்டியில் போட்டு மூடிவிடுங்கள். கண்ணாடி இரண்டு வாங்குங்கள். நான்கு வரிகூட வரவில்லை.

தபால் பெட்டி மீன் மார்க்கெட்டுக்கு எதிரே இருக்கிறது. நெடுநாளாக உள்ளே போகாதவன் இன்று போனேன்.

மலர்க்கொடி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு கொடுவா மீனைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். அடியில் மீன் வெட்டும் பலகையாகக் கிடந்தது அந்த வேங்கை. எழுத்து மேலே தெரியும்படிதான் போட்டிருந்தார். பள்ளங்களில் ரத்தமும் செதிலும் நிறைந்திருந்தன. துண்டு போட்டு முடித்ததும், கத்தியின் முனையை எழுத்துக்குள் விட்டு ஒவ்வொன்றாக வழித்துச் சுத்தம் செய்தார். கிழிசலையும் வழித்தார். தண்ணீரை ஊற்றினார்.

நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தார்.

"என்னா வேணும்?" என்றார். எல்லோரையும் கேட்பதுபோல.

"ஒண்ணுமில்ல" என்றேன். அவர் அடுத்த மீனை எடுத்துப் பலகையில் போட்டார்.

நான் குடைந்த ஆழம் நான்கு மில்லிமீட்டர். கத்தி விழுந்து விழுந்து பலகையின் மேல்முகம் ஒரு மில்லிமீட்டர் போலத் தேய்ந்திருக்கிறது. மீதி மூன்று இருக்கிறது.